திருப்பித் தராத வீடு

மொஞ்சியாவின் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. வாசல் கதவைக் காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் ஒரு கயிற்றால் கட்டியிருப்பாள், அவ்வளவுதான். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் மிச்சம். உள்ளே போகிறவர்கள் பாட வேண்டும். பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பாட வராதவர்கள் வீட்டுக்குப் போய்க்கொள்ளலாம்.

மாத்தர் ஊரில் இந்தச் சங்கதி தெரியாதவர் இல்லை. சாயங்காலம் அவளிடம், மண் அடுப்பில் சுட்ட தபூனா ரொட்டி வாங்க வரும் டாக்ஸிக்காரர்கள்கூட, "மொஞ்சியா வீட்டுக்கா? தொண்டையைச் சரி பண்ணிட்டுப் போ" என்று ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்கள். அவள் முன்னால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அன்றைக்கு ரொட்டி கிடைக்காது.

தாழ்ப்பாள்களை அவள் கழற்றியது இஷ்ராக் வந்த இரண்டாம் நாள். இஷ்ராக்குக்கு வயது ஏழு. பெற்றவள் ஒரு கோடையில் வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். நான்காம் நாள் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தபோது, பிள்ளை சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. அதன் பிறகு சிறுவர் நல அலுவலகம் அவளை ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் கொடுத்தது. ஐந்து மாதத்தில், திருடுகிறாள் என்று திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் ஏழு வாரம். கடிக்கிறாள் என்று அவர்களும் திருப்பிக் கொடுத்தார்கள். அளவு சரியில்லை என்று செருப்பைக் கடையில் திருப்பிக் கொடுப்பது போலத்தான். பில் மட்டும்தான் கேட்கவில்லை.

மூன்றாவது வீடு மொஞ்சியாவுடையது. அவள் கேட்டு வாங்கிய பிள்ளை.

அவள் எப்போதுமே அப்படித்தான் கேட்பாள். பதினான்கு வருஷமாக அந்த அலுவலகத்துக்கு வளர்ப்புத் தாயாக இருக்கிறாள். முதலில் கிடைத்தது ஆறு மாதக் கைக்குழந்தை. பதினோரு மாதம் வளர்த்தாள். பிறகு ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பக்கம் ஒரு தம்பதி முறைப்படி தத்தெடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், "இந்தக் குழந்தைக்கு யாரு வேணும்னாலும் கிடைப்பாங்க. யாரும் வேணாம்னு சொன்னதைக் குடுங்க" என்றாள். அங்கிருந்தவர்கள் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். இப்போதும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அவளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. தானியக் கிடங்கில் காவலுக்கு இருந்த ஹேதி என்பவனைக் கட்டியிருந்தாள். பத்து வருஷம் பார்த்துவிட்டு, மலடி என்று அவளைத் தள்ளிவைத்துவிட்டு வேறொருத்தியைக் கட்டினான். அவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மொஞ்சியா பொத்தாமலேயே சிரித்தாள்.

வளர்க்க ஆரம்பித்த புதிதில் தெருவில் என்னென்னவோ பேசினார்கள். அப்பன் பேர் தெரியாததுகளுக்கு விடுதி நடத்துகிறாள் என்று ஒருத்தி காது படச் சொன்னாள். "ஆமா, விடுதிதான். ஒரு ரூம் காலியா இருக்கு, வர்றியா?" என்று மொஞ்சியா கேட்டாள். அந்த ஒருத்திதான் பக்கத்து வீட்டு ஷாத்லியா. பிறகு அதே ஷாத்லியாதான், அம்மை வந்த பிள்ளைக்கு மூன்று நாள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும். மனிதர்கள் அப்படித்தான் கலந்து கிடக்கிறார்கள்.

மொஞ்சியா மட்டும் தப்பே செய்யாதவளா? இல்லை. நிஸார் என்று ஒரு பையன் இருந்தான், எட்டு வயது. தினமும் படுக்கையை நனைத்துவிடுவான். நாலு பேர் பார்க்க விரிப்பை வாசலில் காயப்போடு, வெட்கப்பட்டு நிறுத்திவிடுவான் என்று யாரோ சொன்னார்கள். அவளும் காயப்போட்டாள். பையன் ஓடிப்போனான். இரண்டு நாள் கழித்து ரயில் பாதையோரம் கண்டுபிடித்தார்கள். அவன் இப்போது பெரியவனாகி பிஸெர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான், பெருநாளுக்கு வந்துவிட்டுப் போகிறான். ஆனாலும் அந்த விரிப்பை அவள் மறக்கவில்லை, யாரிடமும் மறைத்ததுமில்லை. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்பாள். அதற்குப் பிறகு, பிள்ளை விஷயத்தில் யார் யோசனை சொன்னாலும் அவள் காது கேட்காது.

இஷ்ராக் வந்த முதல் வாரம் மொஞ்சியாவின் கையைக் கடித்தாள். ஆழமாகவே கடித்தாள். மொஞ்சியாவின் முழங்கைக்குக் கீழே ஏற்கெனவே ரொட்டி அடுப்பு போட்ட சூட்டுத் தழும்புகள் வரிசையாக இருக்கும். மண்ணால் செய்த உயரமான அடுப்பு. மேல்வாய் வழியாகக் கையை உள்ளே விட்டு, உள்சுவரில் மாவை அறைந்து ஒட்ட வேண்டும். "இது அடுப்பு கடிச்சது, இது இஷ்ராக் கடிச்சது. அடுப்பை நான் திருப்பிக் குடுத்தேனா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

திருட்டு என்று முதல் வீட்டார் சொன்னது ரொட்டியைத்தான். வேறெதையும் இஷ்ராக் தொடுவதில்லை. கண்ணுக்கு எதிரே ஒலிவ எண்ணெயும் பேரீச்சம்பழமும் இருந்தாலும் சீண்ட மாட்டாள். ரொட்டி மட்டும் காணாமல் போகும். தலையணை உறைக்குள், மழைக்காலச் செருப்புக்குள், அலமாரிக்குப் பின்னால், எங்கே கையை விட்டாலும் காய்ந்த ரொட்டி. சிலது பச்சையாகப் பூத்திருக்கும்.

மொஞ்சியா ஒன்றும் கேட்கவில்லை. மாவுச் சாக்குத் துணியில் ஒரு பை தைத்தாள். இஷ்ராக்கின் கைக்கு எட்டும் உயரத்தில், சமையலறைச் சுவரில் ஒரு ஆணி அடித்தாள். "இது உன் ஆணி. இது உன் பை. தினம் அடுப்புல இருந்து வர்ற முதல் ரொட்டி உன்னோடது. நீயே போட்டுக்கோ. பழசை என்ன செய்யணும்ங்கிறதும் உன் இஷ்டம். இதை நானும் தொட மாட்டேன்" என்றாள். பிள்ளை ஆணியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அவள் யாரிடமும் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் கிடையாது. மொஞ்சியாவிடம் மட்டும் இரண்டாம் மாதத்திலிருந்து, அதுவும் அடுப்படியில் ஆள் இல்லாத நேரத்தில், ஒன்றிரண்டு வார்த்தை.

ஆனால் பை வேலை செய்தது. செருப்புகள் காலியாயின. அலமாரிக்குப் பின்னால் எலி வருவது நின்றது. தலையணைக்குள் மட்டும் ஒரு துண்டு எப்போதும் இருந்தது. அது மொஞ்சியாவுக்குத் தெரியும். தெரியும் என்பது இஷ்ராக்குக்கும் தெரியும் என்றே அவள் நினைத்தாள். பேச வேண்டிய அவசியம் இருவருக்கும் இல்லை.

மூன்று மாதம் முடிந்ததும் அலுவலகத்திலிருந்து பார்வையிட வருவார்கள். வருகிறவர் சீ ஃபௌஸி; ஆணுக்கு 'சீ', பெண்ணுக்கு 'லெல்லா' என்று மரியாதைக்குப் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவது அங்கே வழக்கம். கோட்டுப் போட்ட, அலுவலகக் கோப்பு ஒன்றைத் துண்டுபோல அக்குளில் வைத்துக்கொள்கிற மனிதர். கெட்டவரில்லை. காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்புகிறவர், அதுதான் தொல்லை. கூட சிஹெம் என்ற இளம் பெண் வருவாள். அவள் மாதாமாதம் வந்து போகிறவள், கழிப்பறையில் கல்யாணப் பாட்டுப் பாடி நல்ல பேர் வாங்கியவள். சென்ற முறையே அவள் மொஞ்சியாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்.

"லெல்லா மொஞ்சியா, இது மூணாவது வீடு. இதுவும் சரிப்படலைன்னு சீ ஃபௌஸி எழுதிட்டார்னா, அடுத்து வீடு கிடையாது. தலைநகர்ல இருக்கற பெரிய காப்பகம்தான். ஒரு கூடத்துல நாப்பது கட்டில்."

"கூடத்துக்குக் கதவு உண்டா?"

"உண்டு."

"ராத்திரி பூட்டுவாங்களா?"

சிஹெம் தலையை மட்டும் ஆட்டினாள். மொஞ்சியாவுக்கு அன்றிலிருந்து ஒரு பயம் இருந்தது. அவள் எதற்கும் பயப்படாதவள் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன தெரியும்?

பார்வையிடுகிற நாள் வந்தது. இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, மொஞ்சியா மில்லுக்கு ரவை வாங்கப் போனாள். அடுப்பு சாயங்காலத்துக்குத்தான் பற்ற வைப்பாள், அதனால் நேரம் இருந்தது. அதிகாரிகள் வருகிற வீடு குப்பையாகக் கிடக்கலாமா என்று ஷாத்லியா தானாகவே துடைப்பத்தோடு வந்துவிட்டாள். நல்ல மனசோடுதான் வந்தாள். அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

அந்த ஊரில் ரொட்டியைக் குப்பையில் போட மாட்டார்கள். தெருவில் ஒரு துண்டு கிடந்தால், அவசரமாகப் போகிற ஆளும் நின்று, குனிந்து எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, கால் படாத இடமாகச் சுவர்மேல் வைத்துவிட்டுத்தான் போவான். வீட்டில் காய்ந்துபோன ரொட்டியைத் தனிப் பையில் போட்டு வாசலில் மாட்டுவார்கள். ஆட்டுக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போவான். ஷாத்லியா தலையணை உறையைக் கழற்றினாள், பூஞ்சை பிடித்த துண்டு விழுந்தது. பதறிப்போனாள். சமையலறை ஆணியில் ஒரு பை நிறைய நேற்றைய ரொட்டி, முந்தாநாள் ரொட்டி. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, அதே பையில் போட்டு வாசலில் மாட்டினாள். பதினோரு மணிக்கு ஆட்டுக்காரன் பையோடு கழற்றிக்கொண்டு போனான்.

பன்னிரண்டு மணிக்கு இஷ்ராக் வந்தாள். புத்தகப் பையோடு நேரே ஆணியிடம் போனாள்.

மொஞ்சியா ரவை மூட்டையோடு தெருமுனையில் திரும்பும்போதே ஷாத்லியாவின் அலறல் கேட்டது. ஓடினாள். முற்றத்தில் தட்டுகள் நொறுங்கிக் கிடந்தன. ஷாத்லியா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், விரலிடுக்கில் ரத்தம்.

"புள்ள எங்கே?"

ஷாத்லியா நல்ல கையால் காட்டினாள். முற்றத்து மூலையில் இருந்த அடுப்பைக் காட்டினாள்.

மொஞ்சியா அடுப்பு வாயில் எட்டிப் பார்த்தாள். உள்ளே, நேற்றைய சாம்பல்மேல், முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு இஷ்ராக் உட்கார்ந்திருந்தாள். கரிக்கு நடுவே கண் இரண்டும்தான் தெரிந்தது. நடுக்கத்தில் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் மண் சுவரில் எதிரொலித்தது.

"அடியே ஷாத்லியா, என்னத்தைடி செஞ்சே?"

"நான் என்ன செஞ்சேன்? தலகாணிக்குள்ள ரொட்டி! பூத்துப்போன ரொட்டி! வர்றவங்க பாத்தா உன் மானம் போகாதா? அல்லாஹ்வோட அருளை அப்படியா போட்டு வைக்கிறது? முத்தம் குடுத்து, மரியாதையா வாசல்ல மாட்டினேன். ஆட்டுக்காரன் எடுத்துட்டுப் போனான். இதுல என்ன குத்தம்?"

மொஞ்சியாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"ரொட்டிக்கு முத்தம் குடுத்தே. நெத்தியில ஒத்தினே. அதை ஒளிச்சு வச்ச புள்ளைய ஒரு வார்த்தை கேட்டியா? ரொட்டி கீழ விழுந்தா இந்த ஊரே குனிஞ்சு எடுக்குது. இவ விழுந்தப்போ ரெண்டு வீடு காலால தள்ளிச்சே, அவங்களும் ரொட்டிக்கு முத்தம் குடுக்கறவங்கதானே?"

ஷாத்லியா எழுந்தாள். முக்காட்டு நுனியால் கையைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். உள்ளே மட்டும் போகவில்லை.

மொஞ்சியா ரவை மூட்டையை அடுப்புப் பக்கத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "இஷ்ராக், நான்தான். உன்னை இழுக்க மாட்டேன். நீயா வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்" என்றாள். ஒரு குவளை தண்ணீரைக் கயிறு கட்டி உள்ளே இறக்கினாள். சிறிது நேரம் கழித்துக் கயிறு லேசாக ஆடியது. அது போதும் என்று இருந்தது அவளுக்கு. ஆனால் இரண்டு மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

சீ ஃபௌஸி சொன்ன நேரத்துக்கு வந்தார். உடைந்த தட்டுகளைப் பார்த்தார். ரவை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"குழந்தை எங்கே?"

"அடுப்புல."

"என்னது?"

"அடுப்புல, சீ ஃபௌஸி. பயப்படாதீங்க, இன்னும் பத்த வைக்கல."

அவர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். முகம் வெளுத்துவிட்டது. "லெல்லா மொஞ்சியா, பதினாலு வருஷமா உங்க மேல மரியாதை வச்சிருக்கேன். ஆனா இதை நான் எப்படி எழுதாம இருக்க முடியும்? சிஹெம், பிள்ளையை வெளிய எடு."

சிஹெம் தயங்கித் தயங்கி ஓரடி வைத்தாள். மொஞ்சியா எழுந்தாள். ரொட்டியைக் கிளப்புகிற கம்பி அவள் கையில் இருந்தது.

"மகளே, உன் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா யார் கை உள்ள போனாலும் அந்தக் கையை நானே கடிப்பேன்."

சிஹெம் நின்றுவிட்டாள். நிம்மதியாகவே நின்றாள் என்று தோன்றியது.

"இது மிரட்டல்" என்றார் சீ ஃபௌஸி.

"மிரட்டல்தான். எழுதிக்குங்க. தட்டு உடைஞ்சதையும் எழுதுங்க. பக்கத்து வீட்டுக்காரியைக் கடிச்சதையும் எழுதுங்க. தலகாணியில ரொட்டி இருந்ததையும் எழுதுங்க. ஆனா எல்லாம் எழுதணும். இந்த வீட்டுலயே கதவு இல்லாத இடம் அடுப்பு ஒண்ணுதான், மேல பாத்தா வானம் தெரியும், அதனாலதான் அங்க போய் உக்காந்திருக்கா. அதையும் எழுதுங்க. நாலு நாள் பூட்டிக் கிடந்த புள்ள. அவ சேத்து வச்ச சோத்தை, அவ பள்ளிக்கூடம் போயிருக்கறப்போ, பெரியவங்க நாங்க எடுத்து ஆட்டுக்குப் போட்டோம். அப்புறம் அவ கடிச்சா, கடிக்கிறான்னு எழுதறோம். உங்க காகிதத்துல அதுக்கு இடம் இருக்கா?"

"பிள்ளையைப் பார்த்துப் பேசாம நான் போக முடியாது. விதி."

"அப்ப உக்காருங்க. காப்பி போடறேன்."

உட்கார்ந்தார். வேறென்ன செய்வார்? முதல் காப்பி குடித்தார். கோப்பைத் திறந்து மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் ஒரு கட்டம் உண்டு, குழந்தையின் விருப்பம் என்று. இஷ்ராக்கின் கோப்பில் இதுவரை இருந்த எல்லாக் காகிதத்திலும் அந்தக் கட்டத்தில் ஒரே வாசகம்: பேச மறுக்கிறாள். இரண்டாவது காப்பி வந்தது. பிறகு மூன்றாவது. மூன்றரை மணிக்கு எழுந்து கழிப்பறைப் பக்கம் போனவர் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"தாழ்ப்பாள் இல்லையே?"

"பாடணும் ஸார்" என்றாள் சிஹெம், தரையைப் பார்த்துக்கொண்டு.

சீ ஃபௌஸி மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். தினமும் அந்த நேரத்துக்கு முற்றம் முழுக்கப் புகையும் கருஞ்சீரக வாசனையுமாக இருக்கும். இன்றைக்கு அடுப்பு செத்துக் கிடந்தது. கோட்டுப் போட்ட ஆள் ஒருவர், கம்பியோடு மொஞ்சியா, கட்டுப் போட்ட கையோடு பக்கத்து வாசலில் ஷாத்லியா. பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள்.

"என்ன மொஞ்சியா, இன்னும் பத்த வைக்கலையா? எனக்கு வண்டி எடுக்கணும்" என்றான் டாக்ஸிக்கார நூரி.

"அடுப்பு இன்னிக்கு என்னோடது இல்ல. உள்ள இருக்கறவங்களைக் கேளு."

நூரி எட்டிப் பார்த்தான். "அட, புள்ள! இதைத் தூக்கி வெளிய விட்டாப் போச்சு..." கை நீண்டது. கம்பி அவன் கைக்கு ஒரு சாண் தள்ளி அடுப்பு விளிம்பில் டங்கென்று விழுந்தது. கையை மடக்கிக்கொண்டான்.

கூட்டத்தில் சீ அல்லாலா இருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதுக்கு மேல். தினமும் இரண்டு ரொட்டி வாங்குவார், தவறினதே இல்லை. அவர் அடுப்பைப் பார்த்தார், மொஞ்சியாவைப் பார்த்தார். ஒன்றும் விசாரிக்கவில்லை. தலையிலிருந்த சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அடுப்புக்கு ஓரடி தள்ளி நின்று கேட்டார்.

"லெல்லா இஷ்ராக், இன்னிக்கு ரொட்டி உண்டாம்மா?"

பெரிய வீட்டு அம்மாளைக் கூப்பிடுவதுபோல அவளை லெல்லா என்றார். யாரோ சிரிக்கத் தொடங்கி, மொஞ்சியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.  சீ அல்லாலா வெகுநேரம் அப்படியே நின்றார். நிற்கப் பழகியவர், ரயிலுக்குக் காத்துக் காத்து.

அடுப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. சின்னக் குரல்தான். மண் அடுப்பு அதைப் பெரிதாக்கி வெளியே விட்டது.

"இல்ல."

சிஹெம் வாயைப் பொத்திக்கொண்டாள். 

"சரிம்மா. நாளைக்கு?"

அடுப்புக்குள் சாம்பல் சரசரத்தது.

"பாக்கலாம்."

அது மொஞ்சியாவின் பேச்சு, மொஞ்சியாவின் தொனி, அச்சு அசலாக. கூட்டம் இந்த முறை அடக்க முடியாமல் சிரித்துவிட்டது. சீ அல்லாலா சிரிக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, "அப்ப நாளைக்கு வந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு நடந்தார். அவர் போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

"ஏழு வயசுப் புள்ள இல்லன்னு சொன்னா நாம பட்டினியா?" என்று நூரி முனகினான்.

"கடையில போய் அந்தப் பஞ்சு ரொட்டியை வாங்கித் தின்னு. அவ இல்லன்னா இல்ல" என்றாள் மொஞ்சியா. அவன் போனான். இந்தப் பிள்ளை தன் ஆயுளில் 'இல்லை' என்று சொல்லி, அதைக் கேட்டு ஆட்கள் திரும்பிப் போனது இதுதான் முதல் தடவை.  மொஞ்சியா திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.

முற்றம் காலியான பிறகு ஷாத்லியா வந்தாள். அறுபது வயது, ஐந்து வேளை தொழுகிறவள், தெருவில் எல்லோருக்கும் புத்தி சொல்கிறவள். அடுப்புக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினாள். 

"புள்ள... அது உன்னோடதுன்னு எனக்குத் தெரியல. தெரியலைன்னாலும் கேட்டிருக்கணும். கேக்காம எடுத்தேன். மன்னிச்சிடு."

"இல்ல" என்றது அடுப்பு.

ஷாத்லியாவின் முகம் சுருங்கியது. மொஞ்சியாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

"இல்லன்னுட்டா. நாளைக்கு வந்து கேளு. அதுவும் இல்லன்னா மறுநாள் வா" என்றாள் மொஞ்சியா.

"வர்றேன்" என்றாள் ஷாத்லியா. பிறகு உட்கார்ந்து உடைந்த தட்டுத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அடுப்பு விளிம்பில் இரண்டு கறுத்த கைகள் தெரிந்தன. யாரும் அசையவில்லை. இஷ்ராக் எம்பி, வயிற்றை விளிம்பில் போட்டு, சறுக்கித் தரையில் இறங்கினாள். தலையிலிருந்து கால்வரை கரி. பள்ளிக்கூடத்து இளஞ்சிவப்பு மேலங்கி இனி எதற்கும் ஆகாது. மொஞ்சியாவின் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சீ ஃபௌஸியைப் பார்த்து நின்றாள்.

அவர் கோப்பைத் திறந்தார். பேனாவை எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, காகிதத்தில் இருக்கிறபடியே கேட்டார்.

"இந்த வீட்டை விட்டு வேற இடத்துக்குப் போக விரும்பறியா?"

"இல்ல."

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. "ஏழு வயசுக் குழந்தை சொல்றதை மட்டும் வச்சு..." என்று ஆரம்பித்தார்.

"எழுதுங்க சீ ஃபௌஸி" என்றாள் மொஞ்சியா. "பேச மறுக்கிறா, பேச மறுக்கிறான்னு தாள் தாளா எழுதினீங்களே, அப்ப குழந்தைன்னு யோசிச்சீங்களா? இப்ப பேசிட்டா. ஒரே ஒரு சொல்தான். பேனா தேஞ்சிடாது. எழுதாம கோப்பை மூடினீங்கன்னா, நாளைக்கே இவளைக் கூட்டிட்டு உங்க ஆபீஸ் வாசல்ல அடுப்பு போடுவேன். அவ உள்ள உக்காந்துப்பா, நான் மூட்டை மேல உக்காந்துப்பேன். இவளை நான் திருப்பித் தரமாட்டேன். கடிச்சாலும் தரமாட்டேன். வீட்டைக் கொளுத்தினாலும் தரமாட்டேன்."

சீ ஃபௌஸி பிள்ளையைப் பார்த்தார். காகிதத்தில் இல்லாத ஒன்றை அவர் அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று சிஹெம் பின்னால் சொல்வாள். குனிந்து, அந்தக் கட்டத்தில் எழுதினார். கேட்டது, சொன்னது இரண்டையும் முழுதாக எழுதினார். கீழே, இந்த வீட்டிலேயே தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மொஞ்சியா அந்த இடத்திலேயே, ரவை மூட்டைமேல், பொத்தென்று உட்கார்ந்தாள். கம்பி கையைவிட்டு உருண்டது. 

சீ ஃபௌஸி கோப்பை சிஹெம் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவசரமாக எழுந்தார். மூன்று காப்பி, மூன்று மணி நேரம். இனி மரியாதை பார்க்க முடியாத கட்டம். வேகமாகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே ஒரு செருமல். பிறகு, பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது பாடுகிற பாட்டு, மூக்குக்குள்ளேயே, முனகலாகக் கேட்டது.

இஷ்ராக் மொஞ்சியாவின் பாவாடையை விட்டாள். முற்றத்தைக் கடந்து போய், கழிப்பறைக் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி, யாரும் உள்ளே போய்விடாதபடி காவலாக நின்றாள். கரி முகத்தைக் கதவுப் பக்கம் லேசாகத் திருப்பினாள்.

"கேக்கல. சத்தமா பாடுங்க."

சீ ஃபௌஸி சத்தமாகப் பாடினார்.